கோபாலகிருஷ்ண பாரதியார்

தாமே பாடல் இயற்றி, தாமே பாடிப் பரப்பிய இசைப்புலவர்களுள் கோபாலகிருஷ்ண பாரதியார் தலைசிறந்தவர். இவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் சிற்றூரில் பிறந்தார். கருநாடக இசையில் தேர்ந்ததோடு, திருவிடைமருதூரில் இராமதாசர் என்பவரிடம் இந்துஸ்தானி இசையும் பயின்றார். திருமணம் செய்துகொள்ளாமல், ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் எளிய வாழ்வு வாழ்ந்தார்.

இவர்தம் புகழுக்குக் காரணமாய் அமைந்தது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. திருநாளைப்போவார் வரலாற்றைச் சேக்கிழார் 37 பாடல்களில் பாடினார். பாரதியார் அதனை விரித்து, பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் படைத்தார். தில்லைக்குச் செல்ல விடை வேண்டிய பண்ணையாள் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்த பின்பே போகலாம் என்கிறார் அவ்வேதியர். இறையருளால் ஒரே இரவில் பயிர் விளைகிறது. இறுமாந்திருந்த வேதியர் நந்தனின் அடிபணிகிறார். உழைப்போர் பட்ட துயரையும், தீண்டாமையின் கொடுமையையும் கேட்போர் நெஞ்சில் தைக்கும்படி பாடினார் பாரதியார். உயர்ந்த இராகங்களோடு நொண்டிச்சிந்து முதலிய நாட்டு மெட்டுகளையும், உழவர் பேசும் சொற்களையும் அவர் தயங்காமல் கையாண்டார்.

அந்த எளிய நடையே அவருக்கு ஒரு தடையாகவும் வந்தது. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி, மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அவர் பன்முறை நாடினார். இலக்கணப் பிழைகள் மலிந்த நூல் என்று கருதிய பிள்ளை காலம் தாழ்த்தி வந்தார். ஒருநாள் நண்பகலில் பிள்ளை உள்ளே ஓய்வு கொண்டிருக்க, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் பாடலொன்றை மெல்லப் பாடினார். அதனைக் கேட்ட பிள்ளையின் உள்ளம் உருகிற்று. பிழைகளை மறந்து பாயிரம் அளித்தார். பின்னர், காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் துணையால், 1861-ஆம் ஆண்டளவில் நூல் அச்சேறியது.

பிள்ளையிடம் தமிழ் பயின்ற உ. வே. சாமிநாதையர், சிறிது காலம் பாரதியாரிடம் இசை கற்றார். பிற்காலத்தில் அவர் வரலாற்றையும் எழுதினார். பாரதியார் 1896-இல் மறைந்தார். நந்தனார் கதை 1935-லும் 1942-லும் திரைப்படமாக வந்து, எழுத்தறியாதாரையும் எட்டியது.

இலக்கணம் மொழிக்கு வேலி. அதனைக் காத்தல் கற்றோர் கடமை. ஆயினும், எளியவர் துயரை உணர்ந்து எழும் குரலுக்குப் பெரும்புலவரும் செவிசாய்த்தே தீர்வர். பாரதியாரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.