ஜி. என். இராமச்சந்திரன்

ஜி. என். இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) ஓர் இந்திய இயற்பியலாளர், உயிர் இயற்பியலாளர் ஆவார். கொலாசென் என்னும் நார்ப்புரதத்தின் முப்புரி அமைப்பைச் சென்னையில் கண்டறிந்தவர். புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படும் இராமச்சந்திரன் வரைபடம் இவரது பெயரால் அழைக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற பின் 1942 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார், விரைவிலேயே சி. வி. இராமனிடம் இயற்பியலுக்கு மாறினார். 1949 இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1952 இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

கொலாசென் ஆய்வு

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாசென். அதன் கட்டமைப்பு விளங்காதிருப்பதைச் சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால் சுட்டிக்காட்டினார். அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. அதன் எக்சு-கதிர்ப் படங்களைக் கொண்டு இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று புரதச் சங்கிலிகள் இணைந்த அமைப்பை 1954 இல் முன்வைத்தனர். 1955 இல் அதைத் திருத்தி, சுருளாக அமைந்த மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்ளும் வடிவமாக வெளியிட்டனர்.

அதே ஆண்டில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிசு கிரிக் ஆகியோர் மாற்று அமைப்பு ஒன்றை வெளியிட்டனர். சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்பது எதிர்ப்பு. ஐதரசன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் ரிச், கிரிக் கூறியதே பின்னர் நிலைத்தது. முப்புரி அமைப்பை முதலில் கூறிய சிறப்பு சென்னைக் குழுவுக்கு உரியது.

இராமச்சந்திரன் வரைபடம்

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்விக்கு விடை காண இராமச்சந்திரன் முற்பட்டார். அதுவரை அறியப்பட்ட படிகக் கட்டமைப்புகளிலிருந்து அணுக்களிடையே உள்ள தொலைவுகளைத் தொகுத்து, குறைந்தபட்ச எல்லைகள் வகுக்கப்பட்டன. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் இரு பிணைப்புகள் திரும்பக்கூடியவை. அவ்விரு முறுக்குக் கோணங்களின் எந்தச் சேர்க்கைகளில் அணுக்கள் மோதாதிருக்கும் என்பதை வரைபடமாக்கி, சி. இராமகிருட்டிணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963 இல் வெளியிட்டார். அனுமதிக்கப்பட்ட பகுதி மிகச் சிறியது எனத் தெரிந்தது. மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசினுக்கு மட்டும் கூடுதல் இடம் உண்டு.

உயிரணுச் சட்டகத்தில் பயன்பாடு

கொலாசென் உயிரணுவுக்கு வெளியே உறுதி தருகிறது. உள்ளே உருவமும் அசைவும் தருவது உயிரணுச் சட்டகம். மெய்க்கருவுயிரிகளில் ஆக்டின் இழைகள், டியூபியூலினால் ஆன நுண்குழல்கள், இடைநிலை இழைகள் என இது மூவகைப்படும். நிலைக்கருவிலிகளுக்கு இத்தகைய சட்டகம் இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1998 இல் டியூபியூலினும், நிலைக்கருவிலிகள் இரண்டாகப் பிரியும்போது வளையமாகச் சேரும் எஃப்டிஎசு-இசட் புரதமும் ஒரே மாதிரி மடிந்துள்ளமை தெரியவந்தது. 2001 இல் எம்ஆர்இ-பி என்னும் பாக்டீரியாப் புரதம் ஆக்டினை ஒத்த வடிவுடையது எனக் காட்டப்பட்டது. அமினோ அமில வரிசையில் ஒற்றுமை குறைவாயினும் வடிவத்தால் உறவு உறுதியாயிற்று. ஆகவே கண்டறியப்படும் வடிவம் பிழையற்றதாக இருத்தல் இன்றியமையாதது. அதற்கான அடிப்படைச் சோதனைகளுள் ஒன்று இவ்வரைபடம். தடைசெய்யப்பட்ட பகுதியில் பல புள்ளிகள் விழுந்தால் அக்கட்டமைப்பை மீண்டும் ஆராய வேண்டும்.

பிற்காலம்

1971 இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து, எக்சு-கதிர் நிழல்களிலிருந்து உட்தோற்றத்தை விரைவாகக் கணிக்கும் முறையை வெளியிட்டார். இது மருத்துவ வருடிகளுக்குப் பயன்பட்டது. பெங்களூரில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1961 இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும், 1999 இல் எவால்டு பரிசும் பெற்றார். 1977 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். நோபல் பரிசு இவருக்கு வழங்கப்படவில்லை. 2001 இல் சென்னையில் காலமானார்.