வார்ஸாவின் முதிய மருத்துவர்

இரவீந்திரநாத் தாகூர் 1911-ஆம் ஆண்டில் எழுதிய டாக்கர் நாடகம் வங்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. நோயுற்ற அமல் என்னும் சிறுவன் சன்னலருகே அமர்ந்து அரசனின் கடிதத்திற்குக் காத்திருக்கிறான். காத்திருந்தபடியே உறங்கிப் போகிறான். பவானிபூரில் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளிலும் பலர் அதை அறிவர். அந்நாடகம் 1942-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், நாஜிகள் சுவரெழுப்பி யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்ஸா நகரப் பகுதியில், அநாதைக் குழந்தைகளால் நடிக்கப்பட்டது. அவர்களை வளர்த்தவர் யானுஷ் கோர்ச்சாக்.

அது புனைபெயர். இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். வார்ஸாவில் ஜூலை 22-ஆம் நாள் பிறந்தார். ஆண்டு மட்டும் 1878-ஆ, 1879-ஆ என்பது தெளிவில்லை. தந்தை வழக்கறிஞர், ஆயினும் மகனின் பிறப்பை உரிய காலத்தில் பதியவில்லை. (ஊரார் காகிதங்களைப் பார்ப்பவர் வீட்டில் சொந்தக் காகிதம் கிடப்பில் கிடப்பது எல்லா நாட்டிலும் உண்டு போலும்!) தந்தை மனநோயுற்று 1896-இல் மறைந்தார். மகன் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடும்பத்திற்கு உதவினார், 1905-இல் மருத்துவரானார்.

நல்ல வருவாயுள்ள குழந்தை மருத்துவராக அவர் வாழ்ந்திருக்கலாம். 1912-இல் கிராக்மால்னா தெருவில் எழுந்த யூத அநாதை இல்லத்தின் தலைவரானார். ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். அவ்வில்லத்தில் ஒரு நீதிமன்றம் உண்டு, நீதிபதிகள் குழந்தைகளே! சட்டத் தொகுப்பின் முதல் 99 விதிகளும் மன்னிப்பையே கூறின. ஆசிரியர்மீதும் வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக்கே அரையாண்டில் ஐந்து முறை அந்த மன்றத்தின் முன் நின்றார். குழந்தைகளை அவர் தராசிலும் நிறுத்தார், உயரம் அளந்தார், ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். அறிவியல் மாணவனாகிய எனக்கு அவர்பால் ஏற்பட்ட முதல் மதிப்பு இதனாலேதான். அன்பு வேறு, அளவு வேறு என்று அவர் கருதவில்லை.

1923-இல் குழந்தை அரசன் ஒருவனைப் பற்றிக் கதை எழுதினார். 1926-இல் சிறுவர்களே எழுதும் செய்தித்தாளைத் தொடங்கினார். வானொலியில் பேசியபோது, யூதர் என்பதால் பெயர் மறைக்கப்பட்டு, முதிய மருத்துவர் என்றே அறியப்பட்டார்.

1939-இல் ஜெர்மனி போலந்தைப் பிடித்தது. 1940 நவம்பரில் யூதர் பகுதி அடைக்கப்பட்டது. சுமார் மூன்றரைச் சதுரக் கிலோமீட்டரில் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர்! இல்லம் அங்கே இடம் மாறியபோது ஒரு வண்டி உருளைக்கிழங்கைக் காவலர் பறித்தனர். அதைக் கேட்கச் சென்ற கோர்ச்சாக், யூதர்க்கு விதித்த கைப்பட்டையை அணிய மறுத்தவர், சிறைப்பட்டார். மீண்டு வந்தபின் வீடு வீடாக உணவு இரந்தார். தராசு மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. பிள்ளைகள் இளைத்து வருவதை அது காட்டிக்கொண்டே இருந்தது.

வெளியிலிருந்த நண்பர்கள் அவரைத் தப்புவிக்க முயன்றனர். அவர் இசையவில்லை. ஸ்டெஃபானியாவோ பாலஸ்தீனத்தில் பாதுகாப்பாக இருந்தவர்; 1939-இல் தாமே திரும்பி வந்துவிட்டவர்.

நாடகம் நடந்த நான்காம் நாள், அதாவது அவர் பிறந்த நாளன்றே, யூதர்களை ரயிலேற்றும் வேலை தொடங்கியது. ஆகஸ்ட் 5-ஆம் நாள் (6 என்பாரும் உளர்) சுமார் 200 குழந்தைகளோடு இருவரும் நடந்து ரயிலடி சேர்ந்தனர். ட்ரெப்ளிங்கா முகாமில் அனைவரும் கொல்லப்பட்டனர். ஓர் அதிகாரி அவரை மட்டும் விடுவிக்க முன்வந்தான் என்றொரு கதை வழங்குகிறது. உறுதியான சான்றில்லை, தேவையும் இல்லை.

இன்று யாத் வாஷெம் போன்ற நினைவகங்களின் காப்பகங்கள் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லும் அன்பர்கள் பிணக்குவியல் படங்களிலிருந்து தொடங்க வேண்டா என்பேன். அறுபது இலட்சம் என்னும் எண் பத்து வயதுச் சிறுவனின் கைக்கு அடங்காது. நாள்தோறும் பேரெண்களோடு பழகும் எனக்கே அடங்கவில்லை. அமலிலிருந்து தொடங்கலாம், அவன் நம் பக்கத்துத் தெருப் பிள்ளை.

ட்ரெப்ளிங்காவில் இப்போது 17,000 கற்கள் நடப்பட்டுள்ளன. பலவற்றில் அழிந்த ஊர்களின் பெயர்கள். தனி மனிதர் பெயர் தாங்கியது ஒன்றே: கோர்ச்சாக்கின் கல். குழந்தைகள் என்னும் சொல்லும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அவர்களின் பெயர்கள் இல்லை.