சேர் பொன்னம்பலம் அருணாசலமும் தாராண்மைக் கொள்கையும்

தாராண்மைக் கொள்கை என்ற சொல் நம்மவர் வாயில் இருவகையாக அடிபடுகின்றது. சிலர்க்கு அது எவரும் எதையும் செய்யலாம் என்னும் தளர்ச்சி. வேறு சிலர்க்கு மேனாட்டுக் கட்சியொன்றின் பெயர். ஏடுகளைப் புரட்டி அதற்கு இலக்கணம் தேடுவதிலும், அரசியல், சமுதாயம், கல்வி என்னும் மூன்றிலும் அக்கொள்கையைக் கைக்கொண்டு வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை நோக்குதல் பயனுடையது என எண்ணுகின்றோம். அவர் நம் நாட்டவர், நம் சமயத்தவர்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதி. பின்னர் தமையன்மார் இராமநாதனும் குமாரசுவாமியும் அதே ஆசனத்தில் இருந்தனர். அந்த ஆசனம் அக்குடும்பத்துக்கு முதுசொம் போலவே இருந்தது. அத்தகைய வீட்டில் பிறந்தவர், ஆசனங்கள் நியமனத்தால் வரலாகாது, மக்கள் தெரிவால் வரவேண்டும் என்று பிற்காலத்திற் போராடினார். இதனை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

கொழும்பில் இராச கல்லூரியிற் பயின்று, 1870இல் புலமைப் பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரி புகுந்தார். அக்காலம் இங்கிலாந்திலே கிளாட்ஸ்டன் தலைமையில் தாராண்மைக் கட்சி ஆட்சி செய்த காலம். 1870இல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. 1871இல், பல்கலைக் கழகப் பதவிகளுக்கு ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்திருத்தல் வேண்டும் என்ற தடை நீங்கிற்று. 1872இல் இரகசிய வாக்குமுறை வந்தது. நெற்றியில் நீறணியும் மரபில் வந்த இளைஞர் ஒருவர், சமயத் தடை ஒழிந்த அதே வேளையில் அப்பல்கலைக் கழகத்திற் பயின்றார் என்பது கருதத்தக்கது. அங்கேதான் எட்வேட் கார்ப்பென்ரர் அவருக்கு நண்பரானார். அந்நட்பு இறுதிவரை நிலைத்தது. 1890இல் கார்ப்பென்ரர் இலங்கை வந்தபோது, அருணாசலம் அவரைத் தமிழ் ஞானி ஒருவரிடம் அழைத்துச் சென்று வேதாந்தம் கேட்பித்தார். மேனாட்டில் வாங்கியதற்கு ஈடாக நம் பண்டமும் கொடுத்தார் என்று சொல்லலாம்.

1875இல் சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையிற் சித்தியடைந்த முதல் இலங்கையர் அவரே. நீதவானாகவும் நீதிபதியாகவும் பல ஊர்களிற் கடமையாற்றி, பின் பதிவாளர் நாயகமானார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி, நாட்டு மக்களின் இனங்களையும் சமயங்களையும் விரித்து அவர் எழுதிய அறிக்கை இன்றும் ஆராய்ச்சியாளர் தேடிப் படிப்பது. உத்தியோக வரலாறு இவ்வளவு போதும். ஓய்வு பெற்றது 1913இல். பெரும்பாலார்க்கு அதன்பின் சாய்மனைக் கதிரையும் தேவாரமுமே எஞ்சும். அவருடைய பெரும்பணியோ அறுபதாம் வயதுக்குப் பின்னரே தொடங்கிற்று.

கல்வியைப் பொறுத்தவரை அவர் ஓய்வு பெறுமுன்னரே வாய் திறந்துவிட்டார். 1906இல் இலங்கைப் பல்கலைக் கழகச் சங்கம் தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றார். ஆங்கிலம் கற்றவர் தம் மொழியில் ஒரு கடிதம் எழுத மாட்டாதிருத்தல் அவருக்குப் பெருங் குறையாகத் தோன்றிற்று. சிங்களத்துக்கும் தமிழுக்கும் பள்ளியிலும் பல்கலைக் கழகத்திலும் உரிய இடம் வேண்டும் என்றார். அவரோ கேம்பிரிட்ஜ் ஆங்கிலம் பேசியவர். அதே 1906இல் வெளிவந்த இலங்கைச் சரித்திர நூலிலே சிங்கள அரசரின் வரலாற்றைத் தம் நாட்டு வரலாறு என்ற பெருமையோடு எழுதினார். திருவாசகப் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் அவரே. தன் சமயத்தில் ஆழ ஊன்றியவர்க்குப் பிறர் பெருமையைக் கண்டு அஞ்சவேண்டிய தேவை இருக்கவில்லை.

சமுதாயப் பணியிலேதான் அவருடைய கொள்கை உரைகல்லில் உரைக்கப்பட்டது என்பது நம் கருத்து. 1915இல் சமூக சேவைச் சங்கத்தை நிறுவி, கொழும்புச் சேரிகளில் கல்வியும் மருத்துவ உதவியும் கிடைக்க வழி செய்தார். அடுத்துத் தோட்டத் தொழிலாளர் பக்கம் திரும்பினார். 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையை விட்டோடிய தொழிலாளிக்குச் சிறைத் தண்டனை உண்டு. ஒப்பந்தம் மீறிய வணிகன்மேல் வழக்குத்தான் வரும். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் மீறினால் விலங்கு வரும். இதனோடு துண்டு முறை என்றொன்று இருந்தது. துண்டு என்பது, தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி. அது கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை இல்லை. புதிய தோட்டம் கடனைச் செலுத்தினாலும், அது தொழிலாளியின் தலையில் மீண்டும் ஏறும். மனிதனைக் கடனோடு கைமாற்றும் வியாபாரம் என்று இதனைச் சொல்லாமல் வேறென்ன சொல்வது? 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தை அமைத்து, பெரி. சுந்தரம் முதலியோருடன் இக்கொடுமைகளை எதிர்த்தார். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. சிறைத் தண்டனையும் அதனையடுத்து நீங்கிற்று. சுயாட்சி கேட்ட கனவான்களிற் பலர் தாமே தோட்டச் சொந்தக்காரர். ஆகையால் இவ்விடயத்தில் அவருக்குக் கிடைத்த துணை சிறிதே.

இனி அரசியல். 1917 ஏப்பிரல் 2ஆம் நாள், நம் அரசியல் தேவைகள் என்னும் பொருள்பற்றி அவர் ஆற்றிய பேருரை நாட்டை விழிப்பித்தது. அவ்வாண்டிலேயே சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. சிங்களவரும் தமிழரும் ஒன்றுபட்டு நின்றால் மட்டுமே தேசாதிபதியின் அதிகாரம் தளரும். ஆதலால் இனவாரிப் பிரதிநிதித்துவம் போய்ப் பிரதேசவாரித் தெரிவு வரவேண்டும் என்பது அவர் எண்ணம். யாழ்ப்பாணச் சங்கத்தார் ஐயுற்றனர். தொகையிற் பெரியவர் எல்லா ஆசனங்களையும் கொள்வாரே என்றனர். அவர்களின் ஐயம் தீர, 1918 டிசம்பரில் ஜேம்ஸ் பீரிசும் சமரவிக்கிரமவும் எழுத்திலே ஓர் உறுதி தந்தனர்: மேல் மாகாணத்தில் தமிழர்க்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதை ஆதரிப்போம் என்பது. அதனை நம்பி யாழ்ப்பாணம் இசைந்தது. 1919 டிசம்பர் 11ஆம் நாள் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது. முதல் தலைவராக எல்லாரும் ஒருமுகமாக ஏற்றவர் அருணாசலம்.

இரண்டாண்டு கழியவில்லை. 1921ஆம் ஆண்டுத் தேர்தலிலே அவ்வுறுதி காற்றிற் பறந்தது; கொழும்பு நகர ஆசனத்துக்குக் காங்கிரஸ் ஆதரவு ஜேம்ஸ் பீரிசுக்கே போயிற்று. அருணாசலம் தாம் பெற்று வளர்த்த சபையை விட்டு விலகினார். 1923இல் இலங்கைத் தமிழர் லீக்கைத் தொடங்கினார்.

தேசியவாதி இனவாதியாகிவிட்டார் என்று இதனைச் சிலர் எழுதுவர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. தொகையிற் கூடியோர் விரும்பியதே நீதி என்பது தாராண்மையன்று. தொகையிற் குறைந்தவனும் அஞ்சாது வாழ்வதே அதன் உயிர். எனினும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. கனவான்கள் கைச்சாத்திட்ட ஒரு கடிதத்தைச் சட்டத்துக்கு நிகராக மதித்தது அவர் கொண்ட அளவு கடந்த நம்பிக்கை. 1947ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவாகச் சிறுபான்மையோர் காப்பு எழுதப்பட்டது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அதுவும் இல்லாமற் போயிற்று. கடிதத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் நாம் எண்ணுமளவு பெரிதன்று போலும்.

மற்றொரு குறையும் உண்டு. அவர் காலத்துச் சீர்திருத்தங்களில் வாக்குரிமை சொத்தும் கல்வியும் உடைய ஆடவர் சிலருக்கே கிடைத்தது. எந்தத் தொழிலாளியின் விலங்கை ஒடிக்க அவர் உழைத்தாரோ அவனுக்கு வாக்கில்லை. வயது வந்தோர் எல்லார்க்கும் வாக்குரிமை 1931இல் வந்தது. அதனைக் காண அவர் இருக்கவில்லை.

1924 ஜனவரி 9ஆம் நாள், தென்னாட்டுத் தல யாத்திரையின்போது மதுரையிலே அவர் காலமானார். 1906இல் அவர் கேட்ட பல்கலைக் கழகம் 1921இல் கல்லூரியாய் முளைத்து, 1942இல் பல்கலைக் கழகமாய் வளர்ந்து, பின் பேராதனை சென்றது. அங்கே மாணவர் தங்கும் மண்டபம் ஒன்று அவர் பெயரால் விளங்குகின்றது. மற்றொன்றுக்குத் தமையனார் இராமநாதன் பெயர்.