தவறிய பின் காந்தியடிகள் என்ன செய்தார்?



ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நம் வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. சறுக்காத மனிதர் உலகில் இல்லை. சறுக்கிய பிறகு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. மூடி மறைப்பவர் உண்டு. பழியை அடுத்தவர் தலையில் போடுபவரும் உண்டு. மகாத்மா காந்தியடிகளின் வெற்றிகளை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இன்று அவர் தவறிய இடங்களைக் கொஞ்சம் பாருங்கள்.

குஜராத்தைச் சேர்ந்த போர்பந்தரில் 1869 அக்டோபர் 2ஆம் நாள் பிறந்தவர் மோகன்தாஸ். தந்தை கரம்சந்த் காந்தி, சமஸ்தானத் திவான். மோகன்தாசுக்கு 15 வயதிருக்கும்போது அவருடைய அண்ணனுக்கு 25 ரூபாய் போலக் கடன் ஏறிவிட்டது. அண்ணன் அணிந்திருந்த கெட்டித் தங்கக் காப்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கடனை அடைத்தார் தம்பி. கடன் தீர்ந்தது, மனப்பாரம் தீரவில்லை.

அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்ல நா எழவில்லை. ஆகவே ஒரு தாளில் எழுதினார். திருடியதை ஒப்புக்கொண்டார், தக்க தண்டனை கேட்டார், இனித் திருடுவதில்லை என்று உறுதி கூறினார். நோயால் மரப்பலகையில் படுத்திருந்த தந்தையிடம் தம் கையாலேயே அதைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அடி விழவில்லை, ஏச்சும் இல்லை. மகனும் அழுதார். அந்தக் கண்ணீரை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

பெற்றோர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. பிள்ளை உண்மையைச் சொல்லித் தலைகுனிந்து நிற்கும்போது நம் கை ரோத்தானைத் தேடிப் போனால், அடுத்த தடவை அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லுமா?

மோகன்தாஸ் இங்கிலாந்து சென்று சட்டம் படித்து, 1891இல் பாரிஸ்டராகத் திரும்பினார். பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு; கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். சீமைக்குப் போய்ப் படித்தவருக்கு எத்தனை பேர் முன்னால் எப்பேர்ப்பட்ட அவமானம்!

ஆனாலும் தம் மானத்தைக் காக்க அவர் கட்சிக்காரரின் வழக்கைப் பலி கொடுக்கவில்லை. கட்டணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுமாறு அங்கேயே சொல்லிவிட்டார். அப்படியே 51 ரூபாய்க்கு இன்னொரு வக்கீல் அமர்த்தப்பட்டார். துணிவு வரும்வரை வழக்கு ஏற்பதில்லை என்று முடிவு செய்து, ராஜ்கோட்டில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார் காந்தி. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்றார்.

அங்கே ஒரு கணக்கு வழக்கில் அவர் கட்சிக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனால் மத்தியஸ்தர்கள் அறியாமல் கணக்கில் ஒரு தொகையைப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தார்கள். பெரிய வக்கீல் வாயைத் திறக்க வேண்டாம் என்றார். காந்தியோ கட்சிக்காரரைச் சம்மதிக்க வைத்து, நீதிபதிகள் முன் தாமே எழுந்து பிழையை விளக்கினார். பிழை திருத்தப்பட்டது, தீர்ப்பும் நிலைத்தது.

இனிப் பெரிய பிழைக்கு வருவோம். விசாரணையின்றிச் சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து 1919 ஏப்ரல் 6ஆம் நாள் நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. சில நாட்களில் அகமதாபாத்திலும் வேறு சில ஊர்களிலும் மக்கள் கட்டுமீறிக் கட்டடங்களைக் கொளுத்தினார்கள், உயிர்களும் போயின. பழக்கப்படாத மக்களைச் சட்டத்தை மீறச் சொன்னது தம் தவறு, அது இமயமலை அளவு பெரியது என்று காந்தியடிகள் ஊரறியச் சொன்னார். மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரல் 18ஆம் நாள் போராட்டத்தை நிறுத்தினார். பலர் அவரைக் கேலி செய்தார்கள்.

1922 பிப்ரவரியில் கோரக்பூர் பக்கத்துச் சௌரி சௌராவில், போலீசார் சுட்டதால் கொதித்த கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் மாண்டார்கள். காந்தியடிகள் அங்கே இல்லை. ஆனாலும் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றார். பர்தோலியில் தொடங்கவிருந்த வரிகொடா இயக்கத்தை நிறுத்தி, ஐந்து நாள் உண்ணா நோன்பு இருந்தார். சிறையில் கிடந்த தலைவர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். அவர் செய்தது சரியா என்று இன்றும் வாதாடுகிறார்கள். கோபத்துக்கு அஞ்சி அவர் பின்வாங்கவில்லை. மார்ச் மாதம் கைதாகி ஆறாண்டுத் தண்டனை பெற்றார். நோயுற்றதால் 1924இல் விடுதலையானார்.

பட்ட பாடம் வீண் போகவில்லை. 1930இல் உப்புப் போராட்டத்துக்குப் புறப்பட்டபோது, ஆசிரமத்தில் பழகிய சில பத்துப் பேரையே உடன் அழைத்தார். மார்ச் 12 முதல் ஏப்ரல் 5 வரை ஏறக்குறைய 240 மைல் நடந்து தண்டி சேர்ந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

மாணவச் செல்வங்களே, பால் மரம் வெட்டும் உங்கள் அம்மா அப்பாவைக் கேட்டுப் பாருங்க. பால் வாளி கவிழ்ந்தால் உடனே நிமிர்த்தினால் பாதிப் பாலாவது மிஞ்சும். யார் தட்டிவிட்டது என்று சண்டை பிடித்து நின்றால் அத்தனையும் மண்ணுக்குத்தான். காந்தியடிகளும் அதையே செய்தார்: முதலில் நிறுத்தினார், உரியவரிடம் தாமே சொன்னார், நட்டத்தைத் தாம் ஏற்றார், மறுமுறை திருத்தி நடந்தார்.

1948 ஜனவரி 30ஆம் நாள் சுடப்பட்டு மறைந்த அம்மகான், தம் தவறுகளைத் தாமே சத்திய சோதனை நூலில் எழுதி வைத்துப் போனார். இரவல் புத்தகம் கிழிந்துபோனதா? குறைந்த மதிப்பெண்ணை வீட்டில் மறைத்து வைத்திருக்கிறீர்களா? நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். பரிசு வாங்கிய பிள்ளையும் வாங்காத பிள்ளையும் அன்று நிம்மதியாகத் தூங்கலாம்.