சிரிப்பால் சீர்திருத்திய செம்மல்

உழைத்துக் களைத்தவனுக்குச் சிரிப்பு மருந்து என்பார்கள். மருந்து மட்டுமா? மடமையின் முகத்திரையைக் கிழிக்கும் வாளும் அதுதான். அந்த வாளை ஏந்தியவர் பலர். ஏழையின் உடலில் ஒரு கீறலும் விழாமல் சுழற்றியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

1908 நவம்பர் 29ஆம் நாள், நாகர்கோவில் ஒழுகினசேரியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு நீளவில்லை, வறுமை வழிமறித்தது. வில்லுப்பாட்டும் நாடக மேடையுமே அவருக்குப் பள்ளிக்கூடம். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடித்துத் தேறி, 1930களின் நடுவில் படவுலகில் நுழைந்தார்.

அந்நாளில் படத்தொழிலுக்குச் சேலம் ஒரு தலைநகர். திருச்செங்கோடு தந்த டி.ஆர். சுந்தரம், ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவியிருந்தார். அங்கே உருவான ‘உத்தமபுத்திரன்’ 1940இல் வெளிவந்தது. பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வாள் வீசினார்; கலைவாணரும் டி.ஏ. மதுரமும் சிரிப்பை வீசினார்கள். நாளெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த நெசவாளி, தரை டிக்கெட் வாங்கிக் கொட்டகைக்குள் நுழைந்தால், வெளியே வரும்போது களைப்பு போயிருக்கும். கையோடு ஒரு கருத்தும் வந்திருக்கும்!

எப்படி வந்தது அந்தக் கருத்து? சேலத்து மக்களுக்குத் தெரிந்த செய்தியையே சான்றாகச் சொல்லலாம். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது, இன்றைய நாமக்கல்லையும் தன்னுள் கொண்டிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். நாள் 1937 அக்டோபர் 1. சட்டம் கள்ளுக்கடையை மூடியது. ஆனால் குடிக்கும் ஆசையைப் பூட்டப் போலீஸ்காரரிடம் பூட்டு ஏது? அந்த வேலைக்குக் கலைவாணர் சிரிப்பை அனுப்பினார். அண்ணா எழுதி 1949இல் வந்த ‘நல்லதம்பி’யில் மதுவின் கேட்டை அவர் எடுத்துரைத்தார். பிரம்பெடுத்து மிரட்டவில்லை; பக்கத்தில் உட்கார்ந்த கூட்டாளியைப் போலச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். குடித்தவனும் கேட்டான்; தன்னையே நினைத்துச் சிரித்தான்.

அதே படத்தில்தான் ‘கிந்தனார்’ காலட்சேபம். கோயிலைக் காணத் துடித்த நந்தனாரை நாடறியும். கலைவாணரின் கிந்தனோ கல்வியைக் காணத் துடித்தவன்! ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்து, படித்து உயர்ந்து, கல்வி அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்புகிறான். கொட்டகை குலுங்கியது. சிரிப்பு அடங்கியபின் சாதித் திமிர் கொண்டவன் தலைகுனிந்தான். ஆயிரம் மேடைப் பேச்சு செய்யும் வேலையை ஒரு காலட்சேபம் செய்தது.

நாட்டைச் சிரிக்க வைத்தவரின் வாழ்வோ சிரிப்பாகவே ஓடவில்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், எம்.கே. தியாகராஜ பாகவதரோடு 1944இல் கைதானார். 1945இல் ஆயுள் தண்டனை. புகழின் உச்சியில் இருந்தவர் சிறைக் கம்பிகளுக்குள்! வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பி, 1947இல் குற்றமற்றவரென விடுதலையானார். இடைப்பட்ட காலத்தில் நாடகக் குழுவைக் கட்டிக் காத்தார் மதுரம், எஸ்.வி. சகஸ்ரநாமம் தோள் கொடுத்தார். பாகவதரின் திரைவாழ்வு பழைய ஒளிக்குத் திரும்பவில்லை. கலைவாணரோ மீண்டும் எழுந்தார். கலைஞரின் உரையாடலோடு ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) படங்களை இயக்கினார். 1956இல் ‘ராஜா ராணி’யில், சிரிப்பின் வகைகளையே ஒரு பாட்டாகப் பாடிச் சிரித்துக் காட்டினார். சிறைக் கசப்பு அந்தச் சிரிப்பில் துளியும் இல்லை.

ஈட்டியதையெல்லாம் ஈந்தார். தனக்கென்று சேர்க்கத் தெரியாத அந்தக் கை, 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள் ஓய்ந்தது. வயது ஐம்பதைத் தொடவில்லை. 1969 ஜனவரி 14இல் சென்னையில் அவர் சிலையைத் திறந்து வைத்தார், நோயுற்றிருந்த முதலமைச்சர் அண்ணா. அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுவே.

சேலத்தில் அந்தப் படப்பிடிப்புத் தளங்கள் மறைந்தன. முகப்பு வளைவே மிஞ்சியது. கலைவாணர் விட்டுச்சென்ற இலக்கணமும் அப்படி வெறும் வளைவாக நிற்கலாமா? கறுத்த நிறத்தையும், பருத்த உடலையும், திக்கும் நாவையும் காட்டிச் சிரிக்கச் சொல்லும் படங்கள் எத்தனை! எளியவனைக் குத்திப் பிறக்கும் சிரிப்பு, சிரிப்பல்ல, ஆதிக்கத்தின் கொக்கரிப்பு.

தோழர்களே! தறிக்கூடத்திலும் லாரிப் பட்டறையிலும் தேநீர்க்கடையிலும் நாம் சிரிக்காத நாளில்லை. சிரிப்போம், வயிறு வலிக்கச் சிரிப்போம். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒரு நொடி எண்ணுவோம். மூடத்தனத்தைப் பார்த்தா, பக்கத்தில் உழைக்கும் தோழனைப் பார்த்தா? அந்த ஒரு நொடிச் சிந்தனைதான் கலைவாணருக்கு நாம் சூட்டும் மாலை.