வாக்குரிமையின் காவலர் சுகுமார் சென்

விடுதலை வாங்கித் தந்த பெரியோர் பலரை நாம் பாடநூல்களில் படிக்கிறோம். அவ்விடுதலையின் பயன் குடிசையில் வாழும் தாய்க்கும் கிட்டும்படி வாக்குச்சாவடியை அமைத்துத் தந்தவரைப் பற்றி நாம் அதிகம் படிப்பதில்லை. பாரதத்தின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவர்களே அப்பெருமகனார். இன்னும் சில ஆண்டுகளில் வாக்குச்சாவடி செல்லவிருக்கும் நாம் அவர் வரலாற்றை அறிந்திருப்பது நன்று.

சுகுமார் சென் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்தில் பிறந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றபின் லண்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்றுத் தங்கப் பதக்கம் பெற்றார். 1920களின் தொடக்கத்தில் இந்தியக் குடிமைப் பணியில் (ஐ.சி.எஸ்.) சேர்ந்து, பல மாவட்டங்களில் நீதிபதியாக விளங்கினார். பின்னர் மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளரானார். 1950 மார்ச் 21ஆம் நாள் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பொறுப்பேற்றார். கணக்கறிஞரின் நுட்பமும் நீதிபதியின் நடுநிலையும் ஒருங்கே வேண்டிய பதவி அது. இரண்டும் அவரிடம் இருந்தன.

அவர்முன் நின்ற பணி மலையை ஒத்தது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் சொத்தோ வரியோ படிப்போ உடையவர்க்கே வாக்குரிமை இருந்தது. புதிய அரசியலமைப்புச் சட்டமோ 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவர்க்கும் அதை ஒரே நாளில் வழங்கிவிட்டது. வாக்காளர் தொகை 17 கோடிக்கு மேல். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். இத்தகைய நாட்டில் தேர்தல் நடத்துவது சூதாட்டத்திற்கு ஒப்பாகும் என்று கற்றறிந்தோர் பலர் ஏளனம் செய்தனர். தேர்தலை 1951ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே நடத்திவிடப் பிரதமர் நேரு விரும்பினார். சென் அவசரப்படவில்லை, வேலை செம்மையாக முடியக் காலம் வேண்டும் என்று பணிவோடும் உறுதியோடும் கேட்டுப் பெற்றார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் தம் வேட்பாளரை எப்படி அறிவார்? இக்கேள்விக்கு விடையாகவே சின்னங்கள் வந்தன. வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. அதன்மேல் அவர் சின்னம். வாக்காளர் மறைவிடத்திற்குள் சென்று தாம் விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். இதற்காக ஏறத்தாழ 20 இலட்சம் பெட்டிகள் செய்யப்பட்டன. ஒருவரே இருமுறை வாக்களிக்காதிருக்க விரலில் அழியா மை இடப்பட்டது. வாக்களிக்கும் முறையை விளக்கும் படம் நாடெங்கும் திரையரங்குகளில் காட்டப்பட்டது. வானொலியும் அப்பணியில் துணை நின்றது. தெரியாமையே வதந்திக்கு விளைநிலம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே ஐயம் எழுமுன்னரே விளக்கம் மக்களைச் சென்றடைய வழி செய்தார்.

பெண்களாகிய நாம் சிறப்பாக நினைவில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பட்டியல் தயாரிக்கச் சென்றவர்களிடம் வடமாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதியச் செய்தனர். அயலார்முன் பெயர் சொல்லலாகாது என்பது அவர்கள் ஊர் வழக்கம். சென் இதை ஏற்கவில்லை. பெயரில்லாப் பதிவை வைத்துக்கொண்டால் யார் வேண்டுமானாலும் அந்த மனைவியாகவோ தாயாகவோ வந்து வாக்களித்துவிடலாம். மேலும், வாக்குரிமை கணவர் வழியாகவோ மகன் வழியாகவோ வந்ததன்று. அது அவளுக்கே உரியது. உரிய பெயரைத் தரச் சில இடங்களில் கால நீட்டிப்பும் அளிக்கப்பட்டது. அப்படியும் தராதவர்கள் நீக்கப்பட்டனர். ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளருள் 28 இலட்சம் பேர் இவ்வாறு அத்தேர்தலில் வாக்கிழந்தனர்.

இம்முடிவு சரிதானா என்று நாம் கேட்கலாம். 28 இலட்சம் பெண்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டது சிறு இழப்பன்று. அவர்கள் குற்றமேதும் செய்தவர்களும் அல்லர். ஆயினும் இந்த இழப்பே கண் திறக்கும் என்று சென் நம்பினார். அந்நம்பிக்கை வீண்போகவில்லை. 1957ஆம் ஆண்டுத் தேர்தலுக்குள் பெண்களுள் மிகப் பெரும்பாலோர் தம் சொந்தப் பெயரிலேயே பட்டியலில் இடம்பெற்றுவிட்டனர்.

முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடைபெற்றது. சென்னை மாநிலத்தில் 1952 ஜனவரியில் மக்கள் வாக்களித்தனர். நம் விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993ஆம் ஆண்டில்தான். திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி அன்று இரு உறுப்பினர் தொகுதி. வாக்காளர்க்கு இரண்டு வாக்குகள்; இரண்டையும் ஒரே பெட்டியில் போடலாகாது. முதன்முறை வாக்களிக்கும் உழவரும் கூலித் தொழிலாளரும் இந்த நுட்பத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆளும் கட்சி தனக்கேற்பத் தேர்தலை நடத்திக்கொள்ளும் என்று ஐயுற்றவர்களுக்குப் பெட்டிகளே விடை கூறின. சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் ஆளும் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோல்வியுற்றார். நம் பகுதி உழைக்கும் மக்களிடையே எழுந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 சட்டமன்ற இடங்களை வென்றது. ஆட்சியிலிருப்போரைத் தோற்கடிக்க முடிகிற தேர்தலே நேர்மைக்குச் சிறந்த சான்று அல்லவா?

சென்னின் புகழ் கடல் கடந்தது. 1953இல் சூடான் நாட்டின் முதல் நாடாளுமன்றத் தேர்தலை மேற்பார்வையிட்ட பன்னாட்டு ஆணையத்திற்கு அவரே தலைவரானார். 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1957ஆம் ஆண்டுத் தேர்தலையும் முடித்து, 1958 டிசம்பரில் ஓய்வு பெற்றார். 1960இல் தொடங்கிய பர்துவான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் விளங்கினார். தன்வரலாறு எழுதாமல், விளம்பரம் நாடாமல் மறைந்த அப்பெருமகனாரை நாடு விரைவில் மறந்துவிட்டது.

அவர் காலத்து ஏளனம் மறைந்தது. ஆனால் பொய்ச் செய்திகள் மறையவில்லை. இன்று அவை கைபேசி வழியே நொடியில் பரவுகின்றன. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் அடையாள அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம் என்றொரு செய்தி தேர்தல்தோறும் சுற்றிவருகிறது. அது பொய். பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு உண்டு. இதை நம்பி வீட்டிலிருப்பவர், வாக்குப்பதிவு நாளன்று வெறுங்கையோடு திரும்ப நேரிடும். இதற்கு மாறாக, நம் பெயரில் வேறொருவர் முன்னரே வாக்களித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று எண்ணித் திரும்பிவிடுவோரும் உண்டு. அதுவும் தவறு. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் முறையிட்டுத் தம்மை யாரென்று மெய்ப்பித்தால், தனி வாக்குச்சீட்டில் வாக்களிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

தோழியரே, 1989 முதல் வாக்களிக்கும் வயது 18. நமக்கு அது தொலைவில் இல்லை. அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னரே பெற்றோர் பெயரும் பாட்டி, தாத்தா பெயரும் பட்டியலில் பிழையின்றி உள்ளனவா என்று பார்த்துச் சொல்லலாம். வீடு மாறியவர்க்கு உரிய படிவத்தை நிரப்பித் தரலாம். கைபேசியில் வரும் தேர்தல் செய்தியைத் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாராமல் பிறர்க்கு அனுப்பாதிருக்கலாம். வயது வந்ததும் நம் பெயரை நாமே தலைநிமிர்ந்து சொல்லிப் பதிந்துகொள்ளலாம். அன்று பெயர் சொல்ல நாணிய 28 இலட்சம் தாய்மாருக்கும், அவர்கள் பெயரைக் கேட்டு நின்ற அந்நல்லவருக்கும் நாம் செலுத்தும் நன்றி அதுவே.