பெயரில்லாக் கல்லறையில் புதைந்த பொன்

கலைஞர் ஒருவர் தம் முதற்பெரும் வெற்றியைத் தம் பெயரால் பெறாது, தந்தையின் பெயரை நினைவூட்டும் புனைபெயரால் பெறுவது கலையுலகில் அரிதாக நிகழ்வதாகும். இத்தாலியத் திரைப்பட இயக்குநர் செர்ஜியோ லியோனியின் வாழ்வில் அது நிகழ்ந்தது. களவுபோன பொன்னைத் தேடி மூவர் ஒருவரையொருவர் துரத்தும் கதையை உலகத் திரைக்கு வழங்கியவர் அவர். அவருடைய வாழ்க்கையை அறிய விழைவோர் அவர்தம் தந்தையிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.

தந்தை வின்சென்சோ லியோனி ஊமைப்படக் காலத்தின் இயக்குநர். ரொபெர்ட்டோ ரொபெர்ட்டி என்னும் புனைபெயரில் படங்களை இயக்கினார். அமெரிக்க மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட கதையொன்றை 1913ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் படமாக்கியவர் அவர். அதில் நடித்த பீச்சே வலெரான் பின்னர் செர்ஜியோவின் தாயானார். முசோலினியின் பாசிச ஆட்சி வேரூன்றியபோது ஆட்சியாளரின் மனக்கசப்புக்கு ஆளாகிப் பல ஆண்டுகள் படவாய்ப்பின்றி இருந்தார் வின்சென்சோ. ஒரு காலத்தில் விளம்பரத் தாள்களில் பெரிதாக அச்சான அவர் பெயரை மக்கள் மெல்ல மறந்தனர்.

அத்தகைய இல்லத்தில் 1929ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் உரோம் நகரில் செர்ஜியோ பிறந்தார். தொடக்கப்பள்ளியில் அவருடன் பயின்ற சிறுவர்களுள் எனியோ மோரிகோனி என்பவரும் ஒருவர். பிற்காலத்தில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்று லியோனியின் படங்களுக்கு உயிரூட்டியவர் அவரே. அமெரிக்கப் படங்களைக் கண்டு அந்நாட்டைக் கனவுலகாக எண்ணி வளர்ந்த செர்ஜியோ, 1944இல் உரோமுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைவீரர்களை நேரில் கண்டார். திரையில் கண்ட வீரர்களுக்கும் தெருவில் கண்டவர்களுக்கும் இருந்த தொலைவு அவர் உள்ளத்தில் தங்கிவிட்டது.

இளமையிலேயே திரைத்தொழிலில் உதவியாளராகச் சேர்ந்தார். 1948இல் விட்டோரியோ டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' படத்தில் பணியாற்றியதோடு, மழைக்கு ஒதுங்கி நிற்கும் இளந்துறவியருள் ஒருவராகவும் தோன்றினார். உரோமில் படமான 'குவோ வாடிஸ்', 'பென்ஹர்' போன்ற அமெரிக்கப் பெரும்படங்களிலும் உழைத்தார். 1959 சனவரியில் தந்தை மறைந்தார். அதே ஆண்டில் 'பாம்பேயின் இறுதி நாள்கள்' படத்தின் இயக்குநர் மாரியோ பொன்னார்டு நோயுற, அப்படத்தை நிறைவு செய்யும் பொறுப்பு மகனுக்கு வாய்த்தது. எனினும் திரையில் பொன்னார்டின் பெயரே இடம்பெற்றது. 1961இல் வெளிவந்த 'ரோட்சுத் தீவின் பெருஞ்சிலை' லியோனியின் சொந்தப் பெயரில் வந்த முதற்படம்.

திருப்புமுனை 1964இல் நேர்ந்தது. 'எ பிஸ்ட்புல் ஆஃப் டாலர்ஸ்' என்னும் கௌபாய் படத்தை ஏறக்குறைய இரண்டு இலட்சம் டாலர் செலவில் ஸ்பெயினில் எடுத்தார். தொலைக்காட்சி நடிகராக இருந்த கிளின்ட் ஈஸ்ட்வுட் 15,000 டாலர் ஊதியத்திற்கு நாயகரானார். இத்தாலியர் எடுத்த கௌபாய் படத்தை மக்கள் ஏற்பரோ என்ற ஐயத்தால் கலைஞர் பலர் ஆங்கிலப் பெயர் சூடிக்கொண்டனர். லியோனி தேர்ந்த பெயர் பாப் ராபர்ட்சன். ராபர்ட்டின் மகன் என்பது அதன் பொருள். மறக்கப்பட்ட ரொபெர்ட்டோ ரொபெர்ட்டி இவ்வாறு மகனால் மீண்டும் திரையேறினார்.

அவ்வெற்றியில் ஒரு கறையும் உண்டு. ஜப்பானிய மேதை அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' படத்தின் கதையை இசைவு பெறாமல் எடுத்தாண்டதால் வழக்கு எழுந்தது. உலக வசூலில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஜப்பானியருக்குத் தரப்பட்டது. தந்தையின் பெயரைப் போற்றத் தெரிந்தவர் பிறர் படைப்பின் உரிமையைப் போற்றத் தவறினார் என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று.

1965இல் இரண்டாம் படம் அவருடைய சொந்தப் பெயரிலேயே வந்தது. அதனைத் தொடர்ந்து 1966இல் வந்ததே 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். இரண்டு இலட்சம் டாலர் மதிப்புள்ள களவுப்பொன் ஓர் இடுகாட்டில் புதைந்துள்ளது. ஒருவனுக்கு இடுகாட்டின் பெயர் தெரியும். மற்றொருவனுக்குக் கல்லறையின் பெயர் தெரியும். ஆதலால் ஒருவனையொருவன் கொல்லவும் இயலாது, நம்பவும் இயலாது. மூன்றாமவன் இருவரையும் நிழல்போல் தொடர்கிறான்.

பொன்வேட்டையின் வழியெங்கும் போர் குறுக்கிடுகிறது. சிறைமுகாமில் சித்திரவதைக்குள்ளாவோரின் கதறல் வெளியே கேளாதிருக்கக் கைதிகளே இசைக்கருவிகளை வாசிக்கின்றனர். ஒரு பாலத்திற்காக இரு படைகளும் நாள்தோறும் மடிகின்றன. அப்பாலத்தைத் தகர்ப்போர் படைத்தலைவர்களல்லர். புதையலுக்கு வழிதேடும் இரு கயவர்களே. தனிமனிதரின் பேராசையைக் காட்டத் தொடங்கிய படம், அதனினும் கொடிய அரசுகளின் வெறியைக் காட்டி நிற்கிறது.

பாலமும் இடுகாடும் ஸ்பெயினின் புர்கோஸ் மாநிலத்தில் அந்நாட்டுப் படைவீரர்களின் உழைப்பால் எழுந்தவை. தவறான சைகையால் ஒளிப்பதிவுக் கருவிகள் இயங்குமுன்னரே பாலம் வெடித்துச் சிதற, வீரர்கள் அதனை மீண்டும் கட்டினர். வட்டமாக அமைந்த இடுகாட்டில் ஐயாயிரம் கல்லறைகள் இருந்தன. பொன் கிடப்பதோ பெயர் பொறிக்கப்படாத ஒரு கல்லறையில். மோரிகோனியின் இசையில் அவ்விடுகாட்டைச் சுற்றியோடும் எலி வாலக்கின் ஓட்டம் திரைக்கலையின் அரிய காட்சிகளுள் ஒன்று.

இவ்வகைப் படங்களை இத்தாலியரின் உணவுப்பெயர் சேர்த்து 'ஸ்பாகெட்டி வெஸ்டர்ன்' என்று இகழ்ந்தோர் உண்டு. இகழ்ச்சிப்பெயரே பின்னர் ஒரு படவகையின் பெயராக நிலைத்தது. 1968இல் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' வந்தது. 'காட்பாதர்' படத்தை இயக்க வந்த வாய்ப்பை மறுத்து, நெடுங்காலம் உழைத்து 1984இல் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா'வை முடித்தார். 229 நிமிடம் ஓடிய அப்படத்தை அமெரிக்க விநியோகத்தார் 139 நிமிடமாக வெட்டி, காலவரிசையையும் மாற்றி வெளியிட்டனர். இளமையில் அவர் கனவுகண்ட நாடே அவருடைய இறுதிப் படைப்பைச் சிதைத்தது. அதன்பின் அவர் எப்படத்தையும் இயக்கவில்லை. லெனின்கிராடு முற்றுகையைப் படமாக்கும் திட்டம் நெஞ்சில் இருக்க, 1989 ஏப்ரல் 30ஆம் நாள் உரோமில் மாரடைப்பால் காலமானார். அகவை அறுபது.

ஸ்பெயினின் அவ்விடுகாடு நெடுங்காலம் புல்மண்டிக் கிடந்தது. 2015 முதல் ஆர்வலர்கள் மண்வெட்டியுடன் சென்று அதனைத் தோண்டி, நடுவட்டத்துக் கற்றளத்தை வெளிக்கொணர்ந்தனர். சிறுதொகை வழங்கியோரின் பெயர்கள் அங்குள்ள மரச்சிலுவைகளில் எழுதப்பட்டன. தந்தையின் பெயரை மறதியிலிருந்து மீட்ட மகன் உருவாக்கிய இடத்தை, அவரை நேரிற் காணாத மக்கள் மண்ணிலிருந்து மீட்டனர். அங்குப் பொன் இல்லை என்பதை அவர்கள் அனைவரும் அறிவர்.